சட்டைக்கை வாசம்

மேசையில் மூன்று கோப்பைகள் இருந்தன. இரண்டில் ஒரே விஸ்கி. மூன்றாவதில் வேறு. எது வேறு என்று மர்டீனா மன்ரோ சொல்ல வேண்டும்.

நிறம் தெரியக் கூடாது என்பதற்காகக் கோப்பைகள் கருநீலக் கண்ணாடியில் செய்யப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சின்னக் கண்ணாடி மூடி. விஸ்கியில் பாதிக்கு மேல் தண்ணீர். கில்வாரிக் ஆலையில் இந்த மேசைக்கு மூக்கு மேசை என்று பெயர். இதில் உட்காருகிறவர்கள் யாரும் குடிப்பதில்லை. முகர்ந்து பார்த்து, நாக்கில் கொஞ்சம் தொட்டு, வாளியில் துப்பிவிடுவார்கள்.

முந்தைய சுற்றுகளை மர்டீனா தடுமாறாமல் கடந்திருந்தாள். ஒரு பீப்பாயில் சோப்பு நெடி என்றாள். இன்னொன்றில் அணைந்த தீக்குச்சி. முன்பு ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்த ஒன்றில், அந்த உலர்திராட்சை இனிப்புக்கு அடியில் நனைந்த அட்டைப்பெட்டியின் மணம் ஒளிந்திருந்தது. அதையும் இழுத்து வெளியே போட்டாள். மேலாளர் ஃபின்லே புருவத்தை உயர்த்தினான்.

கடைசிச் சுற்றில் மாட்டிக்கொண்டாள். முதல் கோப்பையில் பேரிக்காய், மெழுகு, கொஞ்சம் தேன். இரண்டாவதிலும் அதே. மூன்றாவதிலும் அதே.

மூக்கு களைத்துப்போனால் என்ன செய்வது என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தன் சட்டைக்கையைத் தானே முகர வேண்டும். தன் வாசம் தனக்குத் தெரியாது. அங்கே ஒரு நிமிடம் இருந்துவிட்டு வந்தால் மூக்கு புதிதாகிவிடும். பூஜ்யத்துக்குப் போய்விட்டு வருவது என்று ஆலையில் சொல்வார்கள்.

மர்டீனா கம்பளிச் சட்டையின் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து நன்றாக மூச்சை இழுத்தாள். மறுபடி கோப்பைகளுக்கு வந்தாள். மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

"மூணும் ஒண்ணுதான்," என்றாள்.

ஆய்வகத்தை நடத்தும் அபர்தீன்காரி வில்மா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"நடுக்கோப்பையில புகை. தீவுலேர்ந்து வந்த பழைய பீப்பாய். இதைத் தபால்காரன் நாய் கண்டுபிடிக்கும்."

மர்டீனா நடுக்கோப்பையை எடுத்து மறுபடி முகர்ந்தாள். பேரிக்காய் வந்தது. மெழுகு வந்தது.

கில்வாரிக் விஸ்கிக்குப் புகை ஆகாது. சதுப்பில் வெட்டி எரிக்கும் கரிமண்ணின் புகையைக் காட்டாமல் பார்லியை உலர்த்துவது அந்த ஆலையின் வழக்கம். பீப்பாய்கள்தான் நாலா இடத்திலிருந்தும் வருகிறவை. மேற்குத் தீவுகளில் புகை விஸ்கியோடு கிடந்த பீப்பாய் ஒன்று கணக்குத் தப்பி உள்ளே வந்தால், அதனுள் ஊறியது எல்லாம் கலக்கும் தொட்டி மொத்தத்தையும் கெடுத்துவிடும். சோப்பு நெடியை மன்னிக்கலாம், தீக்குச்சியைக் காற்றாட விட்டுச் சரிசெய்யலாம். புகையை ஒன்றும் செய்ய முடியாது. புகை பிடிக்காத மூக்குக்கு அந்த மேசையில் வேலை இல்லை.

அங்கே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் இருந்தவள் கனடாவுக்குப் போய்விட்டாள். மர்டீனா பல வருடங்களாக முன்கூடத்தில் விருந்தாளிகளுக்கு விஸ்கி ஊற்றிக் கொடுத்து, எடின்பரோ தலைமை அலுவலகத்திலிருந்து எழுதி வந்த சொற்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். அதில் ஆரஞ்சுத்தோல் என்று இருக்கும். அவள் மூக்குக்கு அது அடிப்பிடித்த மார்மலேட் ஜாம். ஒருமுறை ஃபின்லேயிடம் சொன்னாள். உண்மைதான், ஆனால் ஜெர்மனியிலிருந்து பஸ் பிடித்து வருகிறவனிடம் அடிப்பிடித்ததை எப்படி விற்பது என்று கேட்டான். மூக்கு மேசையில் அப்படி இல்லை. அங்கே ஒருவர் வேண்டாம் என்றால் பீப்பாய் தொட்டிக்குப் போகாமல் நின்றுவிடும். காரணம் கேட்பார்கள், ஆனால் நின்றுவிடும். தான் சொல்லி ஒன்று நிற்க வேண்டும் என்று மர்டீனாவுக்கு ஆசை. வேறெதற்கும் அவள் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

வில்மாவின் தேர்வு ஒருவருக்கு இரண்டு முறைதான். அடுத்தது பிப்ரவரியில்.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பியவளை வில்மா வாசலில் நிறுத்தினாள். கையைப் பிடித்து மடக்கி, முழங்கை மடிப்பில் மூக்கை வைத்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடிப்பாவி. உன் பூஜ்யமே புகைடி."

மர்டீனாவுக்குப் புரியவில்லை.

"வீட்டுல என்ன எரிக்கிறீங்க?"

"கரிமண்."

"பொறந்ததுலேர்ந்தா?"

"எங்கப்பா வீட்டுலயும் அதான். கட்டிக்கிட்டு வந்த ஆலிக் வீட்டுலயும் அதான்."

"நீ வந்துட்டுப் போனா எங்க ஆய்வகத்துல சாயங்காலம் வரைக்கும் கணப்பு எரியுது. நாங்க உனக்குப் பழகிட்டோம். யாரும் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. அந்தக் கடற்கரையில் பாதி வீடுகளில் அதுதான் எரிந்தது. ஒருவர் மேல் இருக்கும் மணத்தை இன்னொருவர் அறிய வழியில்லை.

வீடு வரைக்கும் நடந்தாள். போகிற வழியில் சட்டைக்கையை முகர்ந்து முகர்ந்து பார்த்தாள். சட்டை சட்டையாகத்தான் இருந்தது.

*

அவள் கணவன் ஆலிக் ஆடு வளர்த்தான், ஊராருக்கு வேலி போட்டுக் கொடுத்தான். ஒவ்வொரு மே மாதமும் மேட்டுச் சதுப்புக்குப் போய்த் தன் பங்குக் கரிமண்ணை வெட்டிக் காயவைத்து, வீட்டுப் பின்சுவரை ஒட்டி அடுக்குவான். அந்த அடுக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்கச் சாலையில் போகிறவர்கள் வண்டியை மெதுவாக்குவார்கள். கணப்பில் தீ ஒருநாளும் அணையாது. படுக்கப் போகுமுன் கனலைச் சாம்பலால் மூடுவான். காலையில் சாம்பலை ஒதுக்கி ஊதுவான்.

மர்டீனா விஷயத்தைச் சொன்னபோது அவன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான். பிப்ரவரி வரைக்கும் போதும், மின்சார ஹீட்டர் வைத்துக்கொள்ளலாம், வீட்டைக் கழுவிவிடலாம் என்றாள். சிரிப்பை நிறுத்தினான்.

"இந்தக் கணப்பை அணைக்கச் சொல்லி இதுக்கு முன்னாடி ஒருத்தன்தான் வந்தான். அவன் ஜமீனோட காரியஸ்தன். எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துல, பள்ளத்தாக்குல இருந்த எங்காளுங்களை விரட்டுனப்போ, பானையில இருந்த மோரை எடுத்துத் தீயில ஊத்துனான். ஊத்துறதுக்குள்ள ஒரு கனல் துண்டைச் சட்டியில போட்டுக்கிட்டு கடற்கரைக்கு ஓடியாந்தாங்க. அந்தத் தீதான் இது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா கேக்குற? ஆட்டுக்கு இடம் வேணும்னு அவன் அணைச்சான். நீ மூக்குக்கு வேணும்னு அணைக்கணுங்குற."

மர்டீனா தீயைப் பார்த்தாள். முன்பொருமுறை ஆலிக் குடலிறக்க அறுவைக்காக இன்வர்னஸ் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் அவளும் அங்கேயே தங்கினாள். அவனுக்கு ஒருநாள் முன்னால் திரும்பி வந்தபோது கணப்பில் சாம்பல் சில்லென்று கிடந்தது. பழைய செய்தித்தாளும் கடையில் வாங்கிய தீமூட்டும் கட்டியும் வைத்துப் பற்றவைத்தாள். அடுத்தநாள் ஆலிக் வந்து, குளிர்காய்ந்துகொண்டே தன் முன்னோர்களுக்கு நன்றி சொன்னான். இப்போது அதைச் சொன்னால் வாதம் முடிந்துவிடும். கூடவே வேறு ஏதோவும் முடிந்துவிடும். சொல்லவில்லை.

"சரி, அணைக்க வேண்டாம்," என்றாள். "நான் போறேன்."

"எங்க போவ?"

"கேரவனுக்கு."

வீட்டுக்குப் பின்னால், ஆட்டுப்பட்டிக்கும் துணி உலர்த்தும் கயிற்றுக்கும் நடுவில் ஒரு கேரவன் நின்றது. கோடையில் வரும் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்று வாங்கியது. மழை ஒழுகியதில் பயணிகள் வருவது நின்றது. ஆலிக் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"நவம்பர்ல அதுல ஆடே படுக்காது," என்றான்.

அவள் அதற்குள் படுக்கை விரிப்பை எடுக்க எழுந்திருந்தாள். எடுத்தவள் நின்று, அதையும் மடித்த இடத்திலேயே வைத்தாள். அதிலும் புகை இருக்கும்.

*

இன்வர்னஸ் போய் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினாள். உள்ளாடையிலிருந்து தொப்பி வரைக்கும். போர்வை, துண்டு, வாசனை இல்லாத சோப்பு. கடைசியில் முடிவெட்டும் கடைக்குள் போனாள். இடுப்பு வரை இருந்த பின்னலைக் காது வரைக்கும் வெட்டச் சொன்னாள். முடிவெட்டும் பெண் ஈரத்தலையில் சீப்பை வைத்துவிட்டு, மீன் புகைபோடும் இடத்திலா வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள். மர்டீனா இன்னும் கொஞ்சம் குட்டையாக வெட்டச் சொன்னாள்.

கேரவனுக்குச் சட்டங்கள் வந்தன. ஆலிக் உள்ளே வரக் கூடாது. சாப்பாடு கொண்டுவந்தால் படியில் வைத்துவிட்டுப் போக வேண்டும், மூடி போட்டு. பேச வேண்டுமென்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து நிற்க வேண்டும். அவன் முற்றத்தின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஆட்டுக்குக் கால் வீங்கியிருக்கிறது, தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது, உன் அக்கா போன் பண்ணினாள் என்று கத்துவான். இவள் கதவிடுக்கில் நின்று பதிலுக்குக் கத்துவாள். அண்டை வீடு கால் மைல் தள்ளி இருந்தும் ஊருக்கு எல்லாமே கேட்டது.

இருவரும் பிரிந்துவிட்டார்கள் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு ஆலையில் யாரோ ஒருவன் இருக்கிறான், அதனால்தான் முடி வெட்டியிருக்கிறாள் என்றார்கள். ஆலிக் ரொட்டி வாங்கப் போனால் கல்லாவில் இருந்தவள் குரலைத் தாழ்த்தி விலை சொன்னாள். அவன் வந்து முற்றத்தில் நின்று இதைச் சொன்னபோது முகம் சிவந்திருந்தது. விஷயம் இன்னதென்று சொல்லிவிட வேண்டியதுதானே என்றாள் மர்டீனா.

"என்னன்னு சொல்ல? என் நாத்தம் தாங்காம பொண்டாட்டி வெளிய படுத்திருக்கான்னு சொல்லவா? அதுக்கு அவ எவனோடயாவது ஓடிப்போனான்னே சொல்லிக்கட்டும்."

கடைசியில் போதகர் மெக்கஸ்கில் வந்தார். மழையில் குடையைப் பிடித்தபடி கேரவன் படியில் நின்றார். உள்ளே கூப்பிடுமுன் மர்டீனா அவர் கோட்டின் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து மூச்சிழுத்தாள். பிறகும் கூப்பிடவில்லை. அவர் அதைக் கவனிக்காதது போல் இருந்தார். கல்யாணம் என்பது கர்த்தர் கட்டிய வீடு, அதில் இரண்டு பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்று தொடங்கி, கொஞ்ச நேரம் பேசினார். பிறகு தயங்கினார்.

"திருமதி மன்ரோ, வெளிப்படையாவே கேக்குறேன். ஆலிக் குடிக்கிறாரா?"

"இல்ல போதகரே. குடிக்கிறது நான்தான். ஆனா துப்பிடுவேன்."

அவர் குடையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினார். அந்த ஞாயிறு பிரசங்கத்தில் பெருமையைப் பற்றிப் பேசினார் என்று ஆலிக் முற்றத்திலிருந்து கத்தினான்.

வில்மா சொல்லித்தர மறுத்துவிட்டாள். தேர்வு வைக்கிறவள் பாடம் எடுக்கக் கூடாதாம். ஆனால் ஒருநாள் முன்கூடத்து மேசையில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே சின்னச் சின்னப் புட்டிகள், அடியில் எண் ஒட்டியவை. சிலவற்றில் கில்வாரிக். சிலவற்றில் புகை கலந்த கில்வாரிக். எது எதில் என்பது ஒட்டி மூடிய உறையில் இருந்தது.

விடிந்ததும், தேநீர் குடிக்குமுன், மர்டீனா மூன்று புட்டிகளைக் கண்ணை மூடி எடுத்து, கோப்பைகளில் ஊற்றி, சம அளவு தண்ணீர் விட்டு, காபித் தட்டால் மூடி வைப்பாள். விஸ்கி கலந்து அடங்கியதும் திறப்பாள். முதல் மூச்சு எப்போதும் சின்னதாக. ஆழமாக இழுத்தால் சாராயம் மூக்கைக் குத்திவிடும், அப்புறம் அரைமணி நேரத்துக்கு எதுவும் வராது. வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டால் மணம் உள்ளே சுற்றி வரும். பேரிக்காய் வந்தது. மெழுகு வந்தது. நாக்கில் வைத்தால் தேன், பிறகு மிளகு, பிறகு உப்புக் காற்றுப் பட்ட மரம். புகை வரவில்லை.

புதுச் சட்டைக்கையை முகர்ந்தாள். புதுத்துணியின் கஞ்சி மணம் வந்தது. அதுவே கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. முன்பெல்லாம் தன் சட்டையில் எதுவுமே வந்ததில்லை.

உறையைப் பிரித்தால் தவறாக இருக்கும். கோப்பையைக் கழுவிவிட்டு வேலைக்குப் போவாள். பன்றிக்கறி வறுவலை விட்டாள். புகை போட்ட மீனை விட்டாள், அது அவளுக்கு உயிர். ஓட்ஸ் கஞ்சியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் தின்றாள். கிறிஸ்துமஸ் அன்று ஆலிக் வாத்துக்கறி கொண்டுவந்து படியில் வைத்தான். கணப்பில் வாட்டியது. அவள் உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு தட்டைப் படியில் திருப்பி வைத்தாள். ஜன்னல் வழியே அவன் அதைப் பார்த்தான். புத்தாண்டு அன்று அவன் ஒன்றும் கொண்டுவரவில்லை.

குளிரில் கேரவனின் உட்சுவரில் தண்ணீர் கோத்து உறைந்தது. அவள் தொப்பியோடு தூங்கினாள். காலையில் எழுந்ததும் கோப்பைகளைத்தான் முதலில் துடைப்பாள்.

ஜனவரி பாதியில் ஒருநாள் உறைபனி விட்டது. தென்மேற்குக் காற்று ஈரமாக அடித்தது. தண்ணீர் பிடிக்க வாளியோடு கதவைத் திறந்தவள் நின்றுவிட்டாள். ஏதோ எரிந்தது. துணியோ கயிறோ. வாளியைப் போட்டுவிட்டு வீட்டை நோக்கி ஓடினாள். ஆலிக் என்று கூப்பிட்டாள். அவன் கையில் தேநீரோடு வெளியே வந்தான்.

"என்ன எரியுது?"

"எங்க?"

"உள்ள. ஏதோ எரியுது ஆலிக்."

அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"எதுவும் எரியல. கணப்புதான்."

மர்டீனா முற்றத்தின் நடுவில் நின்றாள். புகைபோக்கியிலிருந்து நீலமாக ஒரு கோடு எழுந்து, காற்றில் வளைந்து அவள் மேல் இறங்கியது. தார். நனைந்த கயிறு. காயத்துக்குக் கட்டிய துணி. அடியில், எரிந்த வேர்களின் ஒரு இனிப்பு. விருந்தாளிகள் கேட்பார்கள், கரிமண் புகை எப்படி இருக்கும் என்று. எடின்பரோ சொன்னதை இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதுதானா?" என்றாள்.

"எது?"

"இது. உனக்கு வரல?"

அவன் மூக்கைத் தூக்கி இழுத்துப் பார்த்தான். இரண்டு முறை இழுத்தான்.

"எனக்கு ஒண்ணும் வரலையே."

அவள் அவன் அருகில் போனாள். அவன் கழுத்துக்கு நேராக வந்ததும் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

"என்மேலயுமா?"

"ஆமா."

"கல்யாணத்தன்னிக்கும் இருந்திருக்கும்," என்றான். தேநீரை முற்றத்தில் ஊற்றிவிட்டு உள்ளே போனான்.

அவள் கேரவனுக்குத் திரும்பி, கதவை நன்றாகச் சாத்தி, காற்று அடங்கும் வரை காத்திருந்து, மூன்று கோப்பைகளை ஊற்றினாள். அன்று உறையில் இருந்ததும் அவள் சொன்னதும் ஒன்றாக இருந்தன.

*

தேர்வன்று பனி பெய்தது. ஆலிக் வண்டியை எடுத்து வைத்திருந்தான். வண்டியில் ஏற முடியாது என்பது இருவருக்கும் தெரியும், இருந்தாலும் என்ஜினைப் போட்டு வைத்திருந்தான். அவள் கையை அசைத்துவிட்டுக் கடற்கரைச் சாலையில் நடந்தாள்.

மூக்கு மேசையில் வில்மாவும் ஃபின்லேயும் இருந்தார்கள். சோப்பு, தீக்குச்சி, அட்டைப்பெட்டி எல்லாம் மறுபடி வேண்டாம் என்றாள் வில்மா. அதில் ஏற்கெனவே தேறிவிட்டாள். கடைசிச் சுற்று மட்டும் போதும்.

மர்டீனா முதல் மூடியை எடுத்தாள். சின்ன மூச்சு. பேரிக்காய். அதன் பின்னால், வெகு தூரத்தில், அந்தக் கயிறு.

மனம் குதித்தது. மூடியை வைத்தாள். சட்டைக்கையில் முகத்தை வைத்து, கஞ்சி மணம் போய் எதுவும் இல்லாமல் ஆகும் வரை இருந்தாள்.

இரண்டாவதைத் திறந்தாள். பேரிக்காய், மெழுகு, தேன். சுத்தம். அப்படியானால் முதல் கோப்பைதான். இருந்தாலும் மூன்றாவதைத் திறக்காமல் சொல்லக் கூடாது.

மூன்றாவதைத் திறந்தாள். அதிலும் கயிறு இருந்தது.

முதல் கோப்பையின் புகை மூக்கிலேயே தங்கிவிட்டதா? வரும் வழியில் ஏதாவது வீட்டுப் புகை தொப்பியில் ஒட்டியதா? பயந்த மூக்கு பொய் சொல்லும். வாரக்கணக்கில் புகையைத் தேடி அலைந்தவளுக்கு இனி எங்கும் புகைதான் தெரியுமோ என்னவோ. முதல் கோப்பை என்று சொல்லிவிடலாம். ஒரு கோப்பையில் புகை, இரண்டில் இல்லை. போன தடவையும் அப்படித்தான் இருந்தது.

ஃபின்லே நாற்காலியில் அசைந்தான். வில்மா அசையவில்லை.

மர்டீனா தண்ணீர் குடித்தாள். எழுந்து போய் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, பனியை முகர்ந்தாள். திரும்பி வந்து கடைசியிலிருந்து தொடங்கினாள். மூன்றாவதை நாக்கில் வைத்தாள். தேன் வந்தது, மிளகு வந்தது, துப்பிய பிறகு தொண்டையில் ஆஸ்பத்திரித் துணி நின்றது. இரண்டாவதை வைத்தாள். துப்பினாள். மரமும் உப்பும். துணி இல்லை. முதலாவதை வைத்தாள். துப்பினாள். காத்திருந்தாள். துணி வந்தது.

"நடுவுல இருக்கிறதுதான் வேற," என்றாள். "அதுதான் நம்மளோடது. ரெண்டு பக்கத்துலயும் புகை."

"நிச்சயமா?" என்றான் ஃபின்லே. "ஒண்ணுலதான்னு சொல்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"ரெண்டுலயும்."

வில்மா மூன்று கோப்பைகளையும் தூக்கி அடியைப் பார்த்தாள். பென்சிலை எடுத்து ஏதோ குறித்தாள்.

"திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு வா," என்றாள். "சென்ட் போட்டுக்கிட்டு வராத."

ஃபின்லே கைகுலுக்கினான். வில்மா கோப்பைகளைக் கழுவும் தொட்டிக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்தே, திரும்பாமல் பேசினாள்.

"வருஷத்துக்கு நாலு தடவை எங்க எல்லாருக்கும் இதே தேர்வு உண்டு. எனக்கும் உண்டு. புகை தெரியாமப் போச்சுன்னா எந்திரிச்சுடணும். தெரிஞ்சுக்க."

மர்டீனா பிப்ரவரி வரைக்கும்தான் யோசித்திருந்தாள். ஆலிக்கிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். திரும்பி நடக்கும்போது அதற்குப் பிறகு என்ன என்று யோசித்தாள். கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. வீடு கண்ணில் படுமுன்னே அதன் மணம் வந்தது. வளைவு திரும்பும்போது அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஆலிக் வாசலில் நின்றான். உள்ளே மேசை போட்டிருந்தான். ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. கணப்பில் வழக்கத்தைவிட அதிகமாகக் கட்டிகள் அடுக்கியிருந்தான்.

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

"நெனைச்சேன். அந்த அபர்தீன்காரி மூஞ்சி எப்படி இருந்துச்சு? சரி, உள்ள வா. முடிஞ்சுது இல்ல."

அவள் படியில் ஏறவில்லை.

"முடியல ஆலிக்."

வில்மா சொன்னதைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் கை கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"எவ்வளவு நாளைக்கு?"

"அந்த நாற்காலியில நான் இருக்கிற வரைக்கும்."

"அப்ப கணப்பை அணைக்கச் சொல்ற."

"சொல்லல. ஒரு தடவை கேட்டேன். மறுபடி கேக்க மாட்டேன். ஆனா நான் இதுக்குள்ள வரவும் மாட்டேன்."

அவன் கதவைச் சாத்தினான். மெதுவாகத்தான் சாத்தினான்.

அவள் கேரவனில் கஞ்சி காய்ச்சிக் குடித்தாள். அடுத்த நாளும் முற்றத்தில் யாரும் கத்தவில்லை. திங்கட்கிழமை ஆலைக்குப் போனாள். காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்று வந்த பீப்பாய்களில் ஒன்றை வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டார்கள். பழைய பூந்தொட்டித் தண்ணீர் என்றாள். ஃபின்லே முகர்ந்து பார்த்துவிட்டு இல்லை என்றான். வில்மா கொஞ்சம் இருக்கிறது என்றாள். பீப்பாய் நின்றது. வீடு திரும்பும் வழியில் இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நடந்தாள்.

சனிக்கிழமை மதியம் யாரோ கேரவன் கதவைத் தட்டினார்கள். ஆலிக். தலை நனைந்திருந்தது. தேய்த்துத் தேய்த்து முகமும் கைகளும் வெந்தது போல் சிவந்திருந்தன. புதுக் கம்பளிச் சட்டை, மடித்த கோடுகள் இன்னும் போகவில்லை. பக்கத்து ஊர் நீச்சல்குளத்துக்குப் போய்க் குளித்துவிட்டு, அங்கேயே உடை மாற்றி, பஸ்ஸில் வந்து சாலையில் இறங்கி, வீட்டுக்குள் நுழையாமல் நேராக இங்கே வந்ததாகச் சொன்னான். இதை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

"கணப்பு எரியும்," என்றான். "அதை நான் விட மாட்டேன். பகல்ல அங்க இருப்பேன். சாயங்காலம் சாம்பலைப் போட்டு மூடிட்டு இங்க வந்து படுத்துக்குறேன். முடியுமா முடியாதா, முகர்ந்து பாத்துச் சொல்லு."

"தினமும் நீச்சல்குளத்துக்குப் போவியா?"

"அதை அப்புறம் யோசிப்போம். இப்ப பாரு."

மர்டீனா படியில் இறங்கினாள். சட்டைக்கையை ஒருமுறை முகர்ந்துகொண்டாள். பிறகு அவன் மார்பருகே குனிந்து சின்னதாக மூச்சிழுத்தாள். புதுக் கம்பளி. மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தாள். குளோரின். காலரை விலக்கிக் கழுத்தில் மூக்கை வைத்தாள். அவன் நேராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பரிசோதனைக்கு நிற்கும் ஆட்டைப்போல் நின்றான். அவள் அவசரப்படவில்லை.

"கழுத்து பரவாயில்ல," என்றாள். "காதுக்குப் பின்னால இருக்கு."

"நல்லாத் தேய்ச்சேனே."

"இருக்கு ஆலிக்."

"கொஞ்சம்தானே?"

"கொஞ்சம்னாலும் இருக்கு."

அவள் உள்ளே போய், அடுப்பில் இருந்த கெட்டிலையும் சோப்பையும் எடுத்து வந்தாள். அவனைப் படிக்கட்டில் உட்காரவைத்து, தலையை முன்னால் தள்ளி, காதுக்குப் பின்னால் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். வெந்நீரை ஊற்றினாள். தண்ணீர் புதுச் சட்டைக்குள் இறங்கியது. அவன் பல்லைக் கடித்தான். சாலையில் போன கடைக்காரியின் வண்டி மெதுவாகி, நின்று, பிறகு நகர்ந்தது.

"இப்ப?" என்றான்.

அவள் மூக்கை அருகில் கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.

"இன்னும் இருக்கு," என்றாள். "குனி."

அவன் குனிந்தான்.